பற்றுறவும் உளவள ஆலோசனையும்

பள்ளி தொடங்கும் முதல் நாளில் முதலாம் ஆண்டு வகுப்பின் வாயிலில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஒரு குழந்தை சற்றே அழுது, தாய் கையசைத்ததும் உள்ளே போய்விடுகிறது. மற்றொன்று முந்தானையை விடுவதில்லை. தாய் திரும்பி வந்து தூக்கினாலும் அழுகை ஓயாது, அவளையே அடிக்கிறது. வேறொன்று, தாய் போனதையே பாராததுபோல் சுவரைப் பார்த்து அமர்ந்திருக்கிறது. இந்த மூன்றாவதைத்தான் 'சமத்து' என்று நாம் மெச்சுகிறோம். முப்பதாண்டுக் காலம் நானும் அவ்வாறே மெச்சினேன்.

இவ்வேறுபாட்டை முறையாக ஆய்ந்தவர் மேரி ஐன்ஸ்வொர்த் அம்மையார். 1954, 1955ஆம் ஆண்டுகளில் உகாண்டாவின் சிற்றூர்களில் 26 தாய்மாரை வீடு தேடிச் சென்று கண்டார். பின்னர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஓராண்டு நிறைந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து சில நிமிடங்கள் பிரித்து, அவள் மீண்டு வரும்போது அவை செய்வதைக் குறித்தார். இங்கிலாந்து மருத்துவர் ஜான் பவுல்பி வகுத்த பற்றுறவுக் கொள்கைக்கு அது வலிய சான்றாயிற்று. பாராமுகமாயிருந்த குழந்தைகளின் இதயத் துடிப்பும் விரைந்தே இருந்தது எனப் பின்வந்தோர் அளந்து காட்டினர். அழாத குழந்தைக்கு அச்சமில்லை என்பது நம் எண்ணமே.

1987இல் ஹசான், ஷேவர் என்னும் இருவர், இம்மூவகை இயல்பும் வளர்ந்தோர் காதலிலும் உண்டு என எழுதினர். மனைவி கடிந்தால் கணவன் வாய்மூடி வாசலுக்குப் போகிறான். அவன் விலக விலக அவள் குரல் உயர்கிறது. குரல் உயர உயர அவன் இன்னும் விலகுகிறான். 'என்னை விட்டுப் போய்விடுவீர்களோ' என்பதே அவள் நெஞ்சில் உள்ளது. 'நீ எதற்கும் உதவாதவன்' என்பதே அவன் காதில் விழுகிறது.

ஆலோசகர் செய்வது என்ன? தோட்டத்துக் கோயில் தலைவரைப்போல் யார் பிழை என்று தீர்ப்புக் கூறுவது அவர் வேலையன்று. சண்டையை மெதுவாக மீண்டும் சொல்லச் செய்து, சினத்தின் அடியிலுள்ள அச்சத்தை அவரவர் வாயாலேயே வெளிக்கொணர்கிறார். ஒதுங்குபவன் ஒரு சொல் பேசவும், பற்றிக்கொள்பவள் சிறிது பொறுக்கவும் அவர் முன்னிலையில் பழகுகின்றனர். அந்த இடமே அவர்களுக்குத் தாய்மடி போன்ற நிலைக்களம் ஆகவேண்டும் என்பது பவுல்பியின் கருத்து. ஓரிரு நாளில் இது முடிவதில்லை.

"இருட்டோடு பிரட்டுக்குப் போய், பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டோமே, நாங்கள்தான் கெடுத்துவிட்டோமா, ஐயா?" என்று மூதாட்டி ஒருவர் என்னைக் கேட்டார். நானும் அக்கொட்டகைத் தொட்டிலில் கிடந்தவனே. குழந்தை ஒருவருக்கு மேற்பட்டவரிடமும் பற்றுக்கொள்ளும். குறிப்பறிந்து தூக்கும் கை ஆயாவினதாயினும் அதற்குப் போதும். அதுவும் வாய்க்காதவர்கள் பிற்காலத்தில் நல்ல உறவினாலோ ஆலோசனையினாலோ மாறியதையும் ஆய்வாளர் கண்டுள்ளனர். இதைச் சொன்னதும் அவர் நெடுநேரம் பேசவில்லை.

மலேசியாவில் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று கேட்டறிந்து செல்க. அடிதடி உள்ள வீட்டில் மட்டும் இருவரையும் ஒன்றாக அமர்த்திப் பேசவைக்க முனையலாகாது. அங்கே முதலில் வேண்டுவது அடிபடுபவருக்குப் பாதுகாப்பு.