மாஃபியா: ரீமேக்கில் என்ன மாறியது?

பழைய கேம்களைப் புதுப்பித்து வெளியிடுவதில் இரண்டு வகை உண்டு. கிராஃபிக்ஸை மட்டும் மெருகேற்றித் தருவது ரீமாஸ்டர். கேமை அடியிலிருந்து மறுபடியும் உருவாக்குவது ரீமேக். ரீமேக்கில் கதை சொல்லும் முறையும் விளையாடும் முறையும்கூட மாறும். இதற்கு நல்ல உதாரணம் மாஃபியா கேம்.

செக் குடியரசைச் சேர்ந்த இல்யூஷன் சாஃப்ட்வொர்க்ஸ் நிறுவனம் உருவாக்கிய இது 2002ல் மூன்று சிடிக்களில் வெளியானது. கதையை எழுதி இயக்கியவர் டேனியல் வாவ்ரா. இதையே ஹேங்கர் 13 நிறுவனம் புதிதாக உருவாக்க, 2020 செப்டம்பரில் மாஃபியா: டெஃபனிட்டிவ் எடிஷன் என்ற பெயரில் வெளியானது.

கதை என்ன?

1930ஆம் ஆண்டு. அமெரிக்காவில் மதுவிலக்கு அமலில் இருந்த காலம். லாஸ்ட் ஹெவன் என்ற கற்பனை நகரில் டாமி ஏஞ்சலோ டாக்சி ஓட்டுகிறார். ஒரு நாள் இரவு பாலி, சாம் என்ற இரு ரவுடிகள் துப்பாக்கி முனையில் அவருடைய டாக்சியில் ஏறுகின்றனர். அங்கிருந்து டாமியின் வாழ்க்கை திசை மாறுகிறது. டான் சாலியேரியின் கூட்டத்தில் அவரும் ஒருவராகிறார். 1938ல் துப்பறியும் அதிகாரி நார்மனிடம் டாமி இக்கதையைச் சொல்கிறார். அவர் சொல்லும் சம்பவங்களே நாம் விளையாடும் மிஷன்கள். இந்த அமைப்பு இரண்டு கேம்களிலும் ஒன்றுதான்.

பழைய கேமின் நிதானம்

பழைய கேமில் ஆரம்பத்தில் நீங்கள் டாக்சி டிரைவர்தான். பயணிகளை ஒவ்வொருவராக ஏற்றி இறக்க வேண்டும். அக்காலக் கார்கள் மேட்டில் ஏறவே திணறும். நகருக்குள் மணிக்கு 40 மைலைத் தாண்டினாலோ சிவப்பு விளக்கை மதிக்காவிட்டாலோ போலீஸ் துரத்தி வந்து அபராதம் போடும். பலருக்கு இது சலிப்பைத் தந்தது. ஆனால், சட்டத்துக்கு உட்பட்டுப் பிழைத்த ஒருவர் எதை விட்டுவிட்டு இக்கூட்டத்தில் சேர்ந்தார் என்பதை வசனம் இல்லாமலே புரிய வைத்தது இந்த நிதானமான ஓட்டம்தான்.

ரீமேக்கில் டாக்சி ஓட்டும் பகுதி சுருங்கிவிட்டது. சாதாரணப் பயணங்களைத் தாண்டிச் செல்லவும் வசதி உண்டு. கார்களும் எளிதாக ஓடுகின்றன. லூகாஸ் பெர்டோன் என்ற மெக்கானிக் தரும் கிளை மிஷன்கள் நீக்கப்பட்டுள்ளன. சுவர், கார் போன்றவற்றின் மறைவில் பதுங்கிச் சுடும் வசதியும் மோட்டார் சைக்கிள்களும் புதிதாகச் சேர்ந்துள்ளன. நகரின் தெருக்களும் மாற்றி அமைக்கப்பட்டுள்ளன.

கதாபாத்திரங்கள்

குறைந்த நிதானத்தை ரீமேக் வசனங்களால் ஈடுகட்டப் பார்க்கிறது. பழைய டாமி அதிகம் பேசாதவர். புதிய டாமி தன் மனதில் உள்ளதை வெளிப்படையாகப் பேசுகிறார். பழைய கேமில் சில காட்சிகளோடு நின்றுவிட்ட காதலி சாரா, இதில் முழுமையான பாத்திரமாகியிருக்கிறார். பாலி, சாம் ஆகியோருடனான நட்பும் அழுத்தமாகச் சொல்லப்படுவதால், பின்னால் வரும் துரோகம் நம்மை அதிகம் பாதிக்கிறது. இந்த இடங்களில் ரீமேக் பழையதைவிட மேல்.

(முடிவை முன்கூட்டியே தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிச் செல்லலாம்.)

1951ல் டாமி தன் வீட்டு வாசலில் சுடப்படுவது இரண்டிலும் உண்டு. ஆனால் அவருடைய கடைசிப் பேச்சு மாறிவிட்டது. பழையதில் அவர், வாழ்க்கையில் அளவுக்கு மீறி ஆசைப்படுவதைப் பற்றியும் மிகக் குறைவாகக் கேட்பதைப் பற்றியும் பேசினார். புதியதில் குடும்பத்தைப் பற்றிப் பேசுகிறார். புதிய முடிவு நெகிழ வைக்கிறது. ஆனால் கொலைகளும் கொள்ளைகளும் செய்த ஒருவரின் கணக்கு முடிகிறது என்ற கசப்பு பழைய முடிவில்தான் அதிகம்.

கிளாசிக் முறை

1932ல் நடக்கும் கார் ரேஸ் மிஷன் பழைய கேமில் பெயர்போனது. ஜெயித்தால்தான் கதை நகரும். பலர் இந்த இடத்திலேயே கேமை விட்டுவிட்டனர். ரீமேக்கில் கடினத்தின் அளவை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். கிளாசிக் என்ற அளவைத் தேர்ந்தெடுத்தால் ரேஸ் மறுபடியும் கடினமாகிவிடும். கார் ஓட்டும் முறையையும் போலீஸின் கெடுபிடியையும் செட்டிங்ஸில் சிமுலேஷன் என்று மாற்றிக்கொள்ளலாம். பழைய நிதானத்தை ஓரளவு திரும்பப் பெற இதுவே வழி.

எதை விளையாடலாம்?

ரீமேக்கிற்கு ஹார்ட் டிஸ்கில் 50 ஜிபி இடமும் தனி கிராஃபிக்ஸ் கார்டும் தேவை. பழைய கேம் சாதாரணக் கம்ப்யூட்டரிலும் ஓடும். 2017ல் ஜிஓஜி தளத்தில் அது மறுபடி வெளியிடப்பட்டபோது, உரிமம் பெற்றுச் சேர்த்திருந்த அக்காலப் பாடல்கள் நீக்கப்பட்டன என்பதைக் கவனத்தில் கொள்ளவும். முதல்முறை விளையாடுபவர்கள் ரீமேக்கை சிமுலேஷன் செட்டிங்கில் தொடங்கலாம். பிடித்துப்போனால் பழையதில் முதல் இரண்டு மிஷன்களையாவது விளையாடிப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

வன்முறையும் கெட்ட வார்த்தைகளும் நிறைந்த கேம் என்பதால் இரண்டுமே சிறுவர்களுக்கு ஏற்றவை அல்ல.