ரிமோட்டை ஒளித்துவைத்து ஒரு வீடியோ கேம்!

வீடியோ கேம் என்றாலே ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து திரையை முறைப்பதுதான் என்கிறீர்களா? நின்டெண்டோவின் 'வீ பார்ட்டி' அப்படியல்ல. கையசைவில் இயங்கும் 'வீ' கன்சோலுக்காக 2010-ல் வெளியான இதில், ஏராளமான குட்டி விளையாட்டுகள் இருக்கின்றன.

இதில் அசல் ரகளையே டி.வி-க்கு வெளியேதான்! ஒருவர் ரிமோட்டுகளை சோபா இடுக்கிலோ, தலையணைக்கு அடியிலோ ஒளித்துவைக்க வேண்டும். அவை அவ்வப்போது சத்தம் கொடுக்கும். மற்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு தேட வேண்டும். அட, நம்ம கண்ணாமூச்சி! இன்னொன்றில் ரிமோட்தான் வெடிகுண்டு. பட்டன்களை அழுத்திப் பிடித்தபடி, குலுங்காமல் அடுத்தவர் கைக்கு மாற்ற வேண்டும். ஆடினால் டமால்! இதில் பேரனின் வேகம் எடுபடாது, பாட்டியின் நிதானம்தான் ஜெயிக்கும்.

பகடை உருட்டி ஆடும் பகுதியில் திறமையைவிட அதிர்ஷ்டமே பேசுகிறது. சீரியஸ் கேமர்கள் கடுப்பாகலாம். ஆனால், ஆறு வயதுக் குழந்தையும் அப்பாவைத் தோற்கடிக்கிற வாய்ப்பு அங்கேதான் கிடைக்கிறது.

'வீ' தயாரிப்பு நின்று பல வருடங்களாகிவிட்டது. செகண்ட் ஹேண்டில் வாங்கினால், ரிமோட்டில் உள்ள ஸ்பீக்கர் பேசுகிறதா என முதலில் பாருங்கள். அது ஊமையானால் கண்ணாமூச்சி அம்பேல்!