வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன்

எலவனாசூர்கோட்டை பேருந்து நிறுத்தத்தில் காலை ஒன்பது மணிக்கு நின்று பாருங்கள். கக்கத்தில் மஞ்சள் பையோடு நாலைந்து பேராவது நிற்பார்கள். பைக்குள் பாலிதீன் உறையில் சுற்றிய காகிதங்கள். கிழக்கே போனால் உளுந்தூர்பேட்டை கோர்ட்டு, மேற்கே போனால் கள்ளக்குறிச்சி கோர்ட்டு. "இன்னிக்கு வாய்தாங்க" என்பார்கள். என்ன கேஸ், எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்டால், "அதெல்லாம் வக்கீலுக்குத்தான் தெரியும்" என்று பதில் வரும்.

என் சித்தப்பாவும் அப்படித்தான் ஆறு வருடம் போய்வந்தார். முப்பது சென்ட் நிலத்தில் வரப்புத் தகராறு. வக்கீலைக் காட்டிவிட்டவர் ஊரில் ஒரு பெரிய மனிதர். ஒவ்வொரு வாய்தாவுக்கும் குமாஸ்தா கையில் பணம் கொடுப்பார், ரசீது கிடையாது. ஒருநாள் வீட்டுக்கு அமீனா வந்து நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது. எங்கள் தரப்பில் யாரும் ஆஜராகவில்லை என்று பத்து மாதத்துக்கு முன்பே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகியிருந்தது. அப்படிப்பட்ட தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட 30 நாள்தான் கெடு. கெடு தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் சொல்லித் தனியாக ஒரு மனுப் போடலாம். அதற்கும் ஒரு வக்கீல் வேண்டும். அந்த வக்கீல் எதிராளியின் அண்ணனுக்கும் ஆஸ்தான வக்கீல் என்பது அதற்கப்புறம்தான் எங்கள் காதுக்கு வந்தது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்த சங்கதி, நம் தெருவுக்கு மட்டும் தெரியவில்லை.

ஒரு காலத்தில் நம் பகுதி மக்கள் வழக்குக்காகக் கடலூருக்கு ஓடினார்கள். 1993-ல் விழுப்புரம் மாவட்டம் ஆனது. 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சியே மாவட்டம். கலெக்டரும் எஸ்.பி.யும் பக்கத்தில் வந்துவிட்டார்கள். ஆனால் எந்த வக்கீலிடம் போவது என்பதை மட்டும் இன்றும் டீக்கடை பெஞ்சும், கட்சிக்காரரும், சில நேரம் காவல் நிலைய ஏட்டய்யாவுமே முடிவு செய்கிறார்கள். ஏட்டய்யா காட்டும் வக்கீலிடம், அதே நிலையத்தின் மீதான புகாரை எப்படிக் கொண்டுபோவது?

விருத்தாசலம் நமக்குத் தூரமில்லை. அதன் அருகே புதுக்கூரைப்பேட்டையில் 2003 ஜூலையில் முருகேசனையும் கண்ணகியையும் காதில் மூக்கில் பூச்சிமருந்தை ஊற்றிக் கொன்று எரித்தார்கள். முருகேசன் நம் பிள்ளை, பொறியியல் படித்தவர். காவல்துறை முதலில் இரண்டு தரப்பிலும் தலா நாலு பேர் என்று கணக்குப் போட்டு, மகனைப் பறிகொடுத்த தகப்பனையே குற்றவாளிப் பட்டியலில் சேர்த்தது. பிறகு வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. அந்தக் குடும்பத்தின் பக்கம் நின்றவர் வழக்கறிஞர் பொ.இரத்தினம். மேலவளவு முருகேசன் கொலை வழக்கிலும் பாதிக்கப்பட்டோருக்காக நின்றவர். 2021 செப்டம்பர் 24 அன்று கடலூர் சிறப்பு நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. அதில் இரண்டு பேர் காவல்துறை அதிகாரிகள். உயர் நீதிமன்றம் சில மாற்றங்களோடு அதை உறுதி செய்தது. 2025 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றமும் மேல்முறையீடுகளைத் தள்ளியது. ஏறக்குறைய 22 வருடம். இத்தனை காலம் கேஸ் கட்டைக் கீழே வைக்காத ஆள் கிடைப்பது லேசில்லை.

வன்கொடுமை வழக்கில் நம் மக்கள் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று உண்டு. புகார் கொடுத்தவர் நாமாக இருந்தாலும் வழக்கை நடத்துவது அரசு. கோர்ட்டில் சாட்சியை விசாரிப்பவர் அரசுச் சிறப்பு வழக்கறிஞர். நாம் வைத்துக்கொள்ளும் வக்கீல் அவருக்கு உதவலாம், எழுத்தில் வாதம் கொடுக்கலாம். அதனால் அரசு வழக்கறிஞர் சரியில்லை என்றால் எல்லாம் போச்சு என்று பலரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். உட்கார வேண்டியதில்லை. 1995-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் நாலாவது விதி, ஐந்தாவது உட்பிரிவு: பாதிக்கப்பட்டவர் விரும்பினால், பெயர்பெற்ற மூத்த வழக்கறிஞர் ஒருவரை வழக்கு நடத்த கலெக்டர் அமர்த்தலாம். அவருக்கான கட்டணத்தை அரசே கொடுக்கும். கலெக்டருக்கு ஒரு மனு, அதில் யார் வேண்டும் என்ற பெயர், ஏன் வேண்டும் என்ற காரணம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலேயே கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கலாம்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. ஓமலூர் கோகுல்ராஜ் 2015 ஜூனில் கொல்லப்பட்டார். நாமக்கல்லில் நடந்த விசாரணையில் சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்தார்கள். படித்துப் பெரிய ஆளாகாத அந்தத் தாய் உயர் நீதிமன்றம்வரை போனார். வழக்கு மதுரை சிறப்பு நீதிமன்றத்துக்கு மாறியது. அவர் கேட்டபடி பவானி பா.மோகன் அரசுச் சிறப்பு வழக்கறிஞராக வந்தார். 2022 மார்ச்சில் 10 பேருக்குத் தண்டனை, 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் சில மாற்றங்களோடு அதை உறுதி செய்தது.

எல்லா வழக்குக்கும் பவானியிலிருந்தும் மதுரையிலிருந்தும் ஆள் வரமாட்டார்கள், வரவும் தேவையில்லை. ராத்திரி பத்து மணிக்கு நம் பையனை ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தால் பைக்கை எடுத்துக்கொண்டு வருகிறவர் உள்ளூர் வக்கீல்தான். எதிர்த் தரப்பிடம் ஒரு புகாரை வாங்கிக் 'கவுண்டர் கேஸ்' போடப் பார்க்கிறார்கள் என்பதை முதலில் மோப்பம் பிடிப்பவரும் அவர்தான். அதே உள்ளூர் உறவுதான் சில நேரம் அவர் வாயைக் கட்டும். என்னைக் கேட்டால், அன்றாடப் பின்தொடர்தலுக்கு உள்ளூர்க்காரர், விசாரணை நாளுக்கு அனுபவம் உள்ள மூத்தவர், இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்பவர்களாக இருந்தால் நல்லது. நம் சாதி வக்கீல் என்பதற்காக மட்டும் போவதையும் நான் ஏற்கமாட்டேன். நம்மவரிலும் வாய்தா வாங்கியே காலம் தள்ளுபவர் உண்டு. பிற சாதியில் பிறந்து நமக்காக அடி வாங்கியவர்களும் உண்டு.

அனுபவத்தை எப்படி அறிவது? வக்காலத்தில் குத்தும் முத்திரையில் பார் கவுன்சில் பதிவு எண் இருக்கும். அந்த எண்ணின் கடைசியில் உள்ள வருடம் அவர் எப்போது பதிவு செய்தார் என்பதைச் சொல்லும். ஆனால் கோட்டு போட்டு 20 வருடம் ஆனவர், வன்கொடுமை வழக்கில் ஒரு சாட்சியைக்கூடக் குறுக்கு விசாரணை செய்யாதவராக இருக்கலாம். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இங்கே உதவலாம். இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கறிஞர் பெயரைப் போட்டுத் தேடினால் அவர் நடத்தும் வழக்குகள் வரும். அதைவிட நல்ல வழி, ஒருநாள் போய் கோர்ட்டில் உட்காருவது. நீதிமன்றம் எல்லோருக்கும் திறந்த இடம். சுத்தமான சட்டையோடு பின் பெஞ்சில் உட்கார்ந்து, அவர் ஃபைலைப் படித்துவிட்டு வந்திருக்கிறாரா, நீதிபதி கேட்டால் பதில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

முதல் சந்திப்பில் கேட்கக் கூச்சப்படாதீர்கள். எதிராளிக்கோ அவர் குடும்பத்துக்கோ நீங்கள் ஆஜராகியிருக்கிறீர்களா சார்? இந்த வழக்கில் ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவர் எதிர்த் தரப்புக்கு ஆஜராகக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. வாதாடப் போவது நீங்களா, ஜூனியரா? மொத்த பீஸ் எவ்வளவு, எப்போது எப்போது? கோபப்படுகிற வக்கீலாக இருந்தால் அதுவும் ஒரு பதில்தான். வெற்றுத்தாளில் மட்டும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள்.

சேலம் நெடுஞ்சாலையில் விபத்து நடந்தால் ஆஸ்பத்திரி வாசலுக்கே ஃபாரத்தோடு வருகிறார்களே, அவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். "செலவு எங்களோடது, வர்ற பணத்துல முப்பது பர்சன்ட்" என்பார்கள். தீர்ப்பில் வரும் தொகையில் பங்கு பேசுவதையும் ஆள் வைத்துக் கேஸ் பிடிப்பதையும் பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. அடிபட்ட வீட்டில் அழுதுகொண்டிருக்கும்போது யாருக்கு விதி ஞாபகம் வரும்? ஒருநாள் பொறுங்கள். 2022 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ள திருத்தப்படி விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனுப் போட்டாக வேண்டும். வக்கீலைத் தேட அந்த அவகாசம் தாராளம்.

பணமே இல்லை என்றால்? பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 1987-ம் வருடச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் மலையாளி மக்களுக்கும் இதே உரிமைதான். நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வட்டச் சட்டப்பணிகள் குழுவில் சாதிச் சான்றோடு மனுக் கொடுக்கலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். இலவசமாக வருபவர் சரியாகச் செய்யமாட்டார் என்ற பேச்சு இருக்கிறது. சில இடத்தில் உண்மை. சரியில்லை என்றால் வேறொருவரைக் கேட்டு அங்கேயே எழுதிக் கொடுங்கள்.

காசு கொடுத்த வக்கீலையும் மாற்றலாம். "பாக்கி பீஸைக் கொடுத்தாத்தான் கட்டைத் தருவேன்" என்று கேஸ் கட்டைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. எதிரிக்கு ஜாமீன் மனு வந்தால் பாதிக்கப்பட்டவருக்கு நோட்டீஸ் தர வேண்டும், அவர் பேச்சைக் கேட்க வேண்டும் என்பது வன்கொடுமைச் சட்டத்தின் 15-ஏ பிரிவு. அந்த நாளில் உங்களுக்காக எழுந்து நிற்காத வக்கீல் எதற்கு?

சில வாரத்துக்கு முன் அதே பேருந்து நிறுத்தத்தில், தாத்தாவோடு ஒரு கல்லூரி மாணவி நின்றிருந்தாள். தாத்தாவின் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, அதிலிருந்த 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் கைப்பேசியில் தட்டினாள். வாய்தா அன்றைக்கு இல்லை, மூன்று நாளைக்கு முன்பே முடிந்திருந்தது. தாத்தா தரப்பில் யாரும் வரவில்லை என்று பதிவாகியிருந்தது. பெரியவர் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். உளுந்தூர்பேட்டை பஸ் வந்ததும் இருவரும் ஏறினார்கள். வக்கீல் ஆபீசுக்கா என்று கேட்டேன். "இல்லங்கண்ணா, மொதல்ல சட்டப்பணிகள் குழுவுக்கு" என்றாள்.