கமுதி கேம்பஸ் டு தேசிய மேடை: கல்லூரி கல்ச்சுரல்ஸில் யாரெல்லாம் கலந்துக்கலாம்? எப்படி?

'கலை நிகழ்ச்சிகளில் பங்கேற்க விரும்புவோர் பெயர் கொடுக்கவும்' என்று கல்லூரி நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டுவார்கள். பாதிப் பேர் அதைப் பார்த்துவிட்டு, "டான்ஸ் ஆடுறவங்க போகட்டும், நமக்கு எதுக்கு?" என்று நகர்ந்துவிடுவார்கள். ஆனால், தேசிய அளவில் முடியும் ஒரு போட்டியின் முதல் படியும் அந்தத் தாள்தான். கமுதி போன்ற ஊரில் படிக்கும் மாணவர்களுக்கு இந்த வழி எங்கே தொடங்குகிறது, எங்கே தடைபடுகிறது? பார்ப்போம்.

எந்த மாதம் என்ன விழா?

ஜூனில் கல்லூரி திறந்ததும் முதலாமாண்டு மாணவர்களுக்கு வரவேற்பு. செப்டம்பர் 24 நாட்டு நலப்பணித் திட்ட நாள். 1969-ல் தொடங்கிய என்.எஸ்.எஸ். அமைப்பின் ஆண்டு நாள் இது. ஜனவரியில் பொங்கல் விழா. பிப்ரவரி, மார்ச்சில் விளையாட்டு விழா, முத்தமிழ் விழா, ஆண்டு விழா.

ஜனவரி 12 விவேகானந்தர் பிறந்தநாள். அதைத்தான் தேசிய இளைஞர் தினமாகக் கொண்டாடுகிறோம். ராமநாதபுரம் மாவட்டத்துக்கு இதில் ஒரு தனி உரிமையே உண்டு. சிகாகோ பயணத்துக்குப் பிறகு, 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் வந்து இறங்கியது பாம்பனில்தான். வரவேற்றவர் ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி.

கல்லூரியில் ஜெயித்தால் அடுத்து எங்கே?

கமுதியில் உள்ள பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் நினைவுக் கல்லூரி உள்பட, ராமநாதபுரம், சிவகங்கை மாவட்டக் கல்லூரிகள் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. கல்லூரி அணியில் இடம் பிடித்தால் அடுத்தது கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. அங்கே தேர்வானால் பல்கலைக்கழக அணியில் சேர்ந்து மண்டல அளவில் போட்டியிடலாம். அதிலும் ஜெயித்தால் தேசிய இளையோர் விழா.

மண்டல, தேசிய விழாக்களை நடத்துவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம், சுருக்கமாக ஏ.ஐ.யு. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முதல் இளையோர் விழா 1954-ல் டெல்லி தல்கதோரா தோட்டத்தில் நடந்தது. அண்மை ஆண்டுகளில் 2023-ல் பெங்களூரு ஜெயின் பல்கலைக்கழகத்திலும், 2024-ல் லூதியானாவில் உள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்திலும் தேசிய விழா நடந்தது. ரெகுலர் மாணவராக, 25 வயதுக்குள் இருப்பது முக்கியமான நிபந்தனை.

கல்ச்சுரல்ஸ்னா சினிமா டான்ஸ் மட்டும்தானா?

இல்லவே இல்லை. இசை, நடனம், இலக்கியம், நாடகம், நுண்கலை என 5 பிரிவுகளில் போட்டிகள் உண்டு. மிமிக்ரி, மைம், குறுநாடகம், விநாடி வினா, கார்ட்டூன், களிமண் சிற்பம், கொலாஜ், ரங்கோலி, புகைப்படம் எல்லாமே இதில் அடக்கம். மேடை பயம் இருக்கிறவர்கள்கூட உட்கார்ந்து வரைந்தே பரிசு வாங்கலாம்.

கமுதி மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மெல்லிசைப் பாட்டுப் போட்டியில் சினிமா பாட்டுக்கு அனுமதி கிடையாது. அதே நேரம், நாட்டுப்புற நடனத்துக்கும் நாட்டுப்புற வாத்தியக் குழுவுக்கும் தனித்தனிப் போட்டி இருக்கிறது. முளைப்பாரி எடுக்கும்போது கும்மி கொட்டிப் பழகிய பெண்கள், ஊர்த் திருவிழாவில் ஒயிலாட்டம் ஆடிய பசங்க, பறையோ உறுமியோ வாசிக்கத் தெரிந்தவர்கள் இந்த வட்டாரத்தில் நிறைய. சென்னையில் காசு கட்டி வகுப்புக்குப் போய்க் கற்கும் கலை இங்கே வீட்டு வாசலிலேயே இருக்கிறது. "இது ஊர்ல ஆடுறது, காலேஜ்ல ஆடினா கிண்டல் பண்ணுவாங்க" என்ற தயக்கத்தைத் தாண்டினால் போதும்.

தமிழில் பேசலாமா?

ஏ.ஐ.யு. விழாவில் பேச்சுப் போட்டியும் விவாதமும் இந்தி அல்லது ஆங்கிலத்தில்தான். தமிழ் வழியில் படித்து வரும் நல்ல பேச்சாளர்களுக்கு இது பெரிய தடை. நாடகத்தைத் தமிழில் போடலாம். கதைச் சுருக்கத்தை ஆங்கிலத்திலோ இந்தியிலோ கொடுக்க வேண்டும்.

தமிழில் பேசுபவர்களுக்கு வேறு மேடை உண்டு. தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் கல்லூரி மாணவர்களுக்குக் கவிதை, கட்டுரை, பேச்சுப் போட்டிகளை நடத்துகிறது. ஒவ்வொன்றுக்கும் 10,000, 7,000, 5,000 ரூபாய் என மூன்று பரிசுகள். அம்பேத்கர், பெரியார், அண்ணா, காந்தி, நேரு போன்ற தலைவர்களின் பிறந்தநாளையொட்டித் தனியாகப் பேச்சுப் போட்டிகளும் நடக்கின்றன. முதல் பரிசு 5,000 ரூபாய். சிலம்பம் சுற்றுபவர்களுக்கு முதலமைச்சர் கோப்பை விளையாட்டுப் போட்டிகளில் கல்லூரிப் பிரிவு இருக்கிறது.

அப்புறம் ஏன் பலர் வர்றதில்லை?

திறமை இல்லாமல் அல்ல. பெரும்பாலும் பஸ்தான் காரணம்.

கமுதிக்கு ரயில் கிடையாது. சுற்றுக் கிராமங்களில் இருந்து வரும் மாணவர்கள் டவுன் பஸ்ஸை நம்பித்தான் படிக்கிறார்கள். மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021-ல் வந்தது பெரிய உதவி. ஆனால் டிக்கெட் இலவசமாக இருந்தாலும் பஸ் போய்விட்டால் போனதுதான். மாலை வகுப்பு முடிந்த பிறகு ரிகர்சல் என்று வைத்தால், கிராமத்து மாணவிகள் முதல் நாளே பட்டியலில் இருந்து விழுந்துவிடுவார்கள். விடுதியிலும் டவுனிலும் இருப்பவர்களே எல்லா வருஷமும் மேடையில் நிற்பார்கள். யார் மேடையேறுவது என்பதைத் தேர்வு நாளுக்கு முன்பே ரிகர்சல் நேரம் முடிவு செய்துவிடுகிறது.

அடுத்தது, அக்டோபர். 28 முதல் 30 வரை பசும்பொன்னில் தேவர் ஜெயந்தி, குருபூஜை. அந்த நாட்களில் கமுதி வட்டாரத்தில் போக்குவரத்து மாற்றமும் பாதுகாப்புக் கட்டுப்பாடுகளும் வழக்கம். கூடவே வடகிழக்குப் பருவமழை, நவம்பரில் செமஸ்டர் தேர்வு. அக்டோபரில் பார்த்துக்கலாம் என்று தள்ளிப்போட்டால் பயிற்சிக்கு நாளே மிஞ்சாது.

மூன்றாவது, வருகைப் பதிவு. தேர்வு எழுத 75 சதவீதம் வேண்டும். போட்டிக்குப் போகும் நாளுக்கு ஓ.டி. கிடைக்குமா என்ற பயத்தில் பலர் பின்வாங்குகிறார்கள்.

இப்பவே என்ன செய்யலாம்?

மாணவர்கள்: நுண்கலை மன்றம், தமிழ்த் துறை, என்.எஸ்.எஸ். பொறுப்பாசிரியர்களிடம் ஜூலையிலேயே பெயர் கொடுங்கள். கல்லூரி அடையாள அட்டை, வயதுச் சான்றுக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், புகைப்படம் ஆகியவற்றின் நகலைத் தயாராக வைத்திருங்கள். ஓ.டி. கடிதத்தைப் போட்டிக்குப் போவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

கல்லூரிகள்: ரிகர்சலை மதிய இடைவேளைக்கோ கடைசி வகுப்பு நேரத்துக்கோ மாற்றினால் போதும்; அதற்குத் தனி நிதி தேவையில்லை. வெளியூர்ப் போட்டிக்கு மாணவிகளை அழைத்துச் செல்லும்போது உடன் வரும் பேராசிரியை யார், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று வீட்டுக்கு எழுத்தில் தெரிவித்தால், பெற்றோரின் பாதித் தயக்கம் குறையும்.

பெற்றோர்: ஒரு சான்றிதழுக்காக இவ்வளவு அலைச்சலா என்று தோன்றலாம். வேலைக்கான நேர்காணலில் நாலு பேர் முன்னால் தடுமாறாமல் பேசுவதற்கு, காலேஜ் மேடையைவிடச் செலவில்லாத பயிற்சி வேறு இல்லை.