கொலுப் படியில் ஒரு கோட்டை

விளையாட்டுப் பொம்மைகள் சிறுவர்க்கு மட்டுமே உரியவை என்று கருதுவோர் நம்மிடையே பலர் உளர். ஆயினும் நவராத்திரி நெருங்கியதும் அவர்களே பரணிலிருந்து பெட்டிகளை இறக்கி, பழந்துணி சுற்றிய பொம்மைகளைக் கண்ணும் கருத்துமாகப் பிரித்தெடுப்பர். செட்டியார் கடை, கல்யாண ஊர்வலம், கடுகு முளைத்த பூங்கா, கண்ணாடித் துண்டால் ஆன குளம் ஆகிய யாவும் பேருலகைச் சிற்றுருவில் அமைத்துக் காணும் கலையன்றி வேறென்ன? பிளாஸ்டிக் போர்வீரர் பொம்மைகளைச் சேர்த்து, கோட்டையும் பீரங்கியும் அமைத்து, அக்காட்சியைப் புகைப்படம் எடுக்கும் பழக்கம் மேல்நாடுகளில் பெருவழக்காக உள்ளது. அது நம் கொலுவுக்கு உடன்பிறந்த கலை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இப்பொம்மைகளின் வரலாறு சுவையானது. ஜெர்மனியின் நூரம்பர்க் நகரத்துக் கைவினைஞர் முற்காலத்தில் வெள்ளீயத்தில் தட்டையான வீரர்களை வார்த்தனர். 1893ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரிட்டன் நிறுவனத்தார் உள்ளே கூடான ஈயப் பொம்மைகளை வார்க்கும் முறையைக் கண்டனர். எடை குறைந்தது; விலையும் குறைந்தது. இந்தியப் படைப்பிரிவுகளின் குதிரை வீரர்களையும் அவர்கள் செய்து விற்றனர். 1913இல் எச். ஜி. வெல்ஸ் என்ற பேரெழுத்தாளர், இத்தகைய பொம்மைகளைக் கொண்டு தரையில் போர் விளையாடும் முறையை ஒரு நூலாகவே எழுதினார். 1938இல் அமெரிக்காவில் பிளாஸ்டிக் வீரர்கள் தோன்றினர். 1950களில் மார்க்ஸ் நிறுவனம் கோட்டை, வீரர், குதிரை அனைத்தையும் ஒரே பெட்டியில் அடக்கி விற்றது. ஈயம் குழந்தைகளுக்குத் தீங்கு என்ற கவலை வளரவே, 1966இல் பிரிட்டன் நிறுவனமும் ஈய வார்ப்பைக் கைவிட்டது. பழைய ஈயப் பொம்மை எவரிடமேனும் இருப்பின், அதைச் சிறு குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைப்பது நன்று.

நம் பெங்களூரில் இக்கலைக்கு ஏற்ற பொருள் வேண்டுமெனில் வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. கிருஷ்ணராஜ மார்க்கெட்டின் அருகே, டில்லி வாயில் என்ற பெயருடன் பழைய கோட்டையின் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது. 1537இல் கெம்பே கௌடர் மண்ணால் எழுப்பிய கோட்டையை 1761இல் ஹைதர் அலி கல்லால் கட்டுவித்தார். 1791ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள் இரவு, கார்ன்வாலிஸின் கும்பெனிப் படை மதிலில் உடைப்பு ஏற்படுத்தி உட்புகுந்தது. கோட்டைத் தலைவர் பகதூர் கான் போரிட்டு மாண்டார். உடைப்பு நேர்ந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டு ஒன்றும் அங்கே உண்டு. பேருந்துகளின் இரைச்சலுக்கிடையே அதனைக் கடந்து செல்வோர் பல்லாயிரவர். நின்று படிப்போர் சிலரே.

சென்ற ஆண்டுக் கொலுவில் எங்கள் இல்லத்தின் கீழ்ப்படிக்கு முன்னே இக்கோட்டையை அமைத்தோம். கடையில் மலிவாகக் கிடைக்கும் பச்சை வீரர்கள் இக்காலத்துத் துப்பாக்கி ஏந்தியவர்கள். அவர்களைச் சோப்பு நீரில் கழுவி எண்ணெய்ப் பசை நீக்கி, பசைமண்ணால் தலைப்பாகை கட்டி, கும்பெனிச் சிப்பாய்களுக்குச் சிவப்புச் சட்டையும், திப்புவின் வீரர்களுக்குப் புலிவரிச் சட்டையும் தீட்டினோம். மதில் அட்டைப் பெட்டியால் ஆயது. இங்கே கணக்கும் பயில்கிறது. ஏறத்தாழ 54 மில்லிமீட்டர் உயரமுள்ள பொம்மை, மனிதனில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. ஆகவே 20 அடி மதில் 19 சென்டிமீட்டர் உயரம் இருத்தல் வேண்டும். ஓர் அங்குலப் பொம்மையாயின் அளவு எழுபத்திரண்டில் ஒன்று. அதற்கு எட்டரை சென்டிமீட்டர் மதில் போதும்.

பணி முடியும் தறுவாயில் என் மகன் ஒரு கேள்வி கேட்டான். அவனும் பக்கத்து வீட்டுக் கன்னடச் சிறுவனும் சேர்ந்தே வண்ணம் தீட்டினர். “அப்பா, அவன் திப்பு பக்கமாம். நாம் எந்தப் பக்கம்?” என்றான். இரு சிறுவரும் என் முகத்தையே நோக்கினர்.

இக்கேள்வியை விளையாட்டென்று தள்ளிவிட இயலுமா? வேற்று மாநிலத்தில் வாழும் நம் குழந்தைகள் பள்ளியிலும் தெருவிலும் பல வடிவங்களில் எதிர்கொள்ளும் கேள்வியன்றோ இது? வரலாற்றையே விடையாகச் சொன்னேன். கும்பெனியின் சென்னைப் படையில் தமிழ்ச் சிப்பாய்கள் இருந்தனர். அன்று சேலம், பாராமகால், திண்டுக்கல் பகுதிகள் திப்புவின் ஆட்சியில் இருந்தன. 1792 உடன்படிக்கைக்குப் பின்னரே அவை கும்பெனி வசமாயின. அப்பகுதி மக்களுள் திப்புவின் படையில் சேர்ந்தோரும் இருந்திருப்பர். “மதிலுக்கு வெளியிலும் நாம், உள்ளேயும் நாம். ஆதலால் இருவரும் இருபுறத்துக்கும் வண்ணம் தீட்டுங்கள்” என்றேன். அவ்வாறே செய்தனர்.

வரலாறு அத்துடன் நிற்கவில்லை. 1809இல் நிறுவப்பட்ட தண்டுப் பகுதிக்குப் படையோடு வந்து குடியேறிய தமிழர் பலர். 1864இல் சோலையார்பேட்டையிலிருந்து இருப்புப்பாதை வந்தபின் மேலும் பலர் வந்தனர். அல்சூர் ஏரிக்கு அருகிலுள்ள மதராஸ் சாப்பர்ஸ் படையின் தோற்றம் 1780. அதன் வீரர்களை இன்றும் ‘தம்பி’ என்றே அழைப்பர். முள்வேலி தகர்க்கும் ‘பெங்களூர் டார்பிடோ’ 1912இல் அப்படையினரிடையே உருவாகி, உலகப் போர்களில் பயன்பட்டது. தளபதிகளின் பெயரை நூல்கள் கூறும். பாலம் கட்டிய தம்பிகளின் பெயரைக் கூறுவன அரிது. பெயரற்ற அவர்களுக்கு நம் படியில் ஒரு சாண் இடம் அளித்தல் தகாதோ? தெய்வ உருவங்களின் முன் ஆயுதம் ஏந்தியோர் எதற்கு என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். ஆயுத பூஜை நிகழும் விழாவில் அது பொருந்தாததன்று. வெற்றியாரவாரத்தை விடுத்து, மாண்டோரை நினைக்கும் காட்சியாக அமைப்பதே முறை.

புகைப்படம் எடுப்பதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டா, கைப்பேசி போதும். மேலிருந்து எடுத்தால் பொம்மை பொம்மையாகவே தோன்றும். கருவியைப் பொம்மையின் கண்மட்டத்துக்குத் தாழ்த்துக; அது மனிதனாகத் தோன்றும். சன்னலின் பக்கவாட்டு ஒளி சிறந்தது. பின்னே நீலத்துணி ஒன்று வானமாகும். சலித்த செம்மண் போர்க்களமாகும். மிக அருகில் சென்றால் உருவம் தெளியாது. சற்று விலகி நின்று எடுத்துப் பின்னர் வெட்டிக்கொள்ளலாம்.

வாடகை வீடு மாறி மாறி வாழும் குடும்பங்களில் பொம்மைகள் உடைகின்றன, பெட்டிகள் தொலைகின்றன. ஆண்டுதோறும் கொலுவைப் படம் எடுத்து, எந்தப் பொம்மை எவர் தந்தது, எந்த ஊரில் வாங்கியது, பாட்டி கொணர்ந்த மரப்பாச்சி எது என்று பின்புறம் எழுதி வைப்போமாக. மைசூர் செல்லும் இரயிலில் ஏறினால் ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் சென்னபட்டணம் உள்ளது. அங்கு அரக்கு வண்ணம் பூசிய மரப்பொம்மைகளைக் கடைந்து தருகின்றனர். அவற்றையும் வாங்கி நம் பிளாஸ்டிக் வீரர்களின் அருகே நிறுத்துவோம். பண்ணுருட்டி மண்ணும் சென்னபட்டணத்து மரமும் ஒரே படியில் அமர்ந்திருப்பதைக் காணும் குழந்தை, தான் எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டிய தேவை குறையும். சங்கத்து அன்பர்கள் வரும் நவராத்திரியில் முயன்று பார்ப்பார்களாக!