இடைவெளியும் பொருளும்

'செம்பொன்பதின்றொடி' என்னும் தொடரை இலக்கண உரையாசிரியர் எடுத்துக்காட்டுவர். 'செம்பொன் பதின்தொடி' எனப் பிரித்தால் பத்துத் தொடி எடையுள்ள பொன். 'செம்பு ஒன்பதின்தொடி' எனப் பிரித்தால் ஒன்பது தொடி எடையுள்ள செம்பு. எழுத்து ஒன்றே, பொருள் வேறு. ஒலிக்கும் இசையே வேறுபாட்டைக் காட்டும் என்பது தொல்காப்பியர் கொள்கை.

யூனிக்ஸ் கணினியில் நாம் தட்டச்சிடும் கட்டளையைப் படிக்கும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். அதற்கு அவ்விசை கேளாது. இடைவெளி கண்ட இடத்தில் அது சொல்லைப் பிரிக்கும். ஒரு மாறியில் வைத்த கோப்புப் பெயரையும் முதலில் விரித்துப் பின்னர்ப் பிரிக்கும். 1979இல் வெளிவந்த போர்ன் ஷெல்லின் வழக்கு இது.

மாசாயில் என் வீட்டுக் கணினியில் 'கட்டுரை' என்ற கோப்பில் மாணவர் எழுதியவையும், 'கட்டுரை பழையது' என்ற கோப்பில் கழிக்க வேண்டியவையும் இருந்தன. பின்னதன் பெயரை மாறியில் இட்டு அழிக்கப் பணித்தேன். ஷெல் அதனை இரு பெயர்களாகக் கொண்டது. 'கட்டுரை' அழிந்தது, 'பழையது' என்றொரு கோப்பு இல்லை என்ற செய்தி வந்தது. அழிய வேண்டியதோ அப்படியே இருந்தது.

திருத்தம் எளிது. மாறியை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டால் பெயர் விரியும், ஆயின் பிரியாது. ஒற்றை மேற்கோளோ விரிதலையே தடுத்துவிடும். 1990இல் தோன்றிய இசட் ஷெல் மாறியின் மதிப்பைத் தானாகப் பிரிப்பதில்லை. எனினும் நாம் எழுதும் கட்டளை வேறு ஷெல்லிலும் இயங்க நேரலாம். ஆதலின் மேற்கோள் இடுதலே நன்று. அழிக்குமுன் அதே மாறியைக் கொண்டு கோப்புகளைப் பட்டியலிட்டுப் பாருங்கள். பிரிப்பில் பிழையிருப்பின் அங்கேயே புலப்படும்.