மேசையில் ஓர் உலகம் – 9: கேணிக்கரைக் கீரி

தோக்கியோவின் புறநகரான மச்சிதாவில் வளர்ந்த சதோஷி தஜிரிக்குச் சிறுவயதில் பூச்சி பிடிப்பதென்றால் பித்து. அவர் வளர வளர, ஊரின் வயல்களும் குட்டைகளும் வீடுகளாகவும் கடைகளாகவும் மாறின, பூச்சிகளும் போய்விட்டன. அந்தத் தேடலின் சுகம் நகரத்துப் பிள்ளைகளுக்கும் கிடைக்கவேண்டும் என்று அவர் உருவாக்கிய, பிராணிகளைப் பிடித்துப் பழக்கும் வீடியோ விளையாட்டுத்தான், 1996 பெப்ரவரி 27 அன்று யப்பானில் வெளிவந்த போக்கிமான். பொன்வண்டைத் தீப்பெட்டிக்குள் வைத்து, இலை போட்டு, முட்டையிட்டதா என்று நொடிக்கொருதரம் திறந்து பார்த்தவர்களுக்கு அந்த ஆசையை விளக்கத் தேவையில்லை.

போக்கிமானுக்கு 22 ஆண்டுகள் முன்னமே, 1974 இல், அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை வெளியிட்டிருந்தார்கள். முதலில் அச்சானது 1,000 பிரதிதான். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாங்கள் என்ன செய்கிறார்கள் என்று வாயால் சொல்வார்கள். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். இரண்டு மரபும் ஒரே மேசைக்கு வந்து சேர அதிக காலம் எடுக்கவில்லை. 1999 இல் சிறுவர்களுக்கான எளிய போக்கிமான் கதையாட்டப் பெட்டி ஒன்று கடைக்கு வந்தது. பின்னர் 'போக்கிமான் டேபிள்டொப் அட்வென்ச்சர்ஸ்', 'போக்கிமான் டேபிள்டொப் யுனைட்டெட்' என்று ரசிகர்களே விதிநூல்களை எழுதி இலவசமாகப் பகிர்ந்தார்கள்.

அந்த நூல்கள் தடித்தவை. ஆனால் கதை நடத்தப் புறப்படுபவருக்கு அவற்றைவிட முதலில் வேண்டியது ஓர் ஊர். எந்தப் பிராணி எங்கே குடியிருக்கிறது, எதைத் தின்கிறது, எதற்குப் பயப்படுகிறது என்பது தெரியாவிட்டால் மிஞ்சுவது வெறும் எண்கள்தான். யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறை அந்த வகையில் கொடுத்துவைத்த ஊர். துறைமுகம், வெளிச்சவீடு, பனை வடலி, மண்ணுக்கடியில் சுண்ணக்கல். அந்தக் கல்லினூடே ஊறிய மழைநீர் அருகிலுள்ள கீரிமலையில் கடலோரத்திலேயே நன்னீர் ஊற்றாக எழுந்து கேணியில் நிறைகிறது. கேணிச் சுவருக்கு அந்தப்பக்கம் அலை அடிக்கும். இந்தப்பக்கம் ஆட்கள் நன்னீரில் முழுகி எழுவார்கள். அங்கே நீராடித்தான் நகுலமுனிவரின் கீரிமுகமும், சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியின் குதிரைமுகமும் மாறின என்பது ஐதீகம். மனிதமுகமும் விலங்குமுகமும் கலந்த கதைகளைக் கேட்டு வளர்ந்த ஊருக்கு வெளிநாட்டுப் பறவைநாகம் எதற்கு?

ஒரு மாலையை எண்ணிப் பார்க்கலாம். மேசையில் நான்கு பிள்ளைகள். கதை நடத்துபவர் கேணிக்கரையில் ஒரு கீரிக்குட்டியை வைக்கிறார்: முதுகில் பாசி நிறம், நனைந்தால் மட்டும் ஒளிரும் வால். மூவர் பிடிக்கப் பாய்கிறார்கள். அது கல்லிடுக்குக்குள் மறைகிறது. நாலாவது பிள்ளை யோசித்துச் சொல்கிறாள்: "அண்ணை, நான் கிட்டப் போகேல்லை. ஒரு மீன்துண்டை வைச்சிட்டு, தள்ளிப்போய் அங்காலை பார்த்துக்கொண்டு இருக்கிறன்." 20 முகப் பகடை உருள்கிறது. 14 வேண்டும், விழுந்தது 9. மீனுக்காக இரண்டு கூட்டினாலும் 11 தான். இந்த இடத்தில் "சரிவரேல்லை" என்று முடிப்பவர் ஆட்டத்தைக் கெடுக்கிறார். நல்லவர் இப்படிச் சொல்வார்: "மீனைக் கவ்விக்கொண்டு சுவருக்கு மேலாலை பாய்ஞ்சிட்டுது. ஆனால் போகேக்கை ஒருக்கால் திரும்பி உன்னைப் பார்த்தது." அவளுடைய தாளில் நம்பிக்கைப் புள்ளி ஒன்று ஏறுகிறது. அடுத்த வாரமும் அவள் மீனோடு வருவாள். பழக்குவது என்பது இந்தத் திரும்பிப் பார்த்தல்களின் கணக்கு. இதற்கு நேரம் கொடுக்காமல் சண்டைக்கு ஓடும் கதைகள் ஒரு மாதத்தில் சலித்துவிடும்.

சண்டையும் வேண்டும். அங்கே எதிரி நேரம்தான். நான்கு பேர் விளையாடினால் நான்கு பயிற்சியாளர், நான்கு பிராணி, எதிரணியிலும் அத்தனை. ஒரு சுற்று முடிவதற்குள் தேத்தண்ணீர் ஆறிவிடும். ஆளுக்கும் பிராணிக்கும் சேர்த்து ஒரே முறை என்று வைத்தால் பாதிச் சிக்கல் தீரும். மூல விளையாட்டைப் போலவே ஒரு பிராணிக்கு நான்கு உத்திகளுக்கு மேல் கூடாது. அவற்றை ஒரு சிறு அட்டையில் எழுதி முன்னால் வைத்தால் புத்தகம் புரட்டவேண்டி வராது. நெருப்பைத் தண்ணீர் வெல்லும், தண்ணீரைச் செடி வெல்லும், செடியை நெருப்பு வெல்லும்: தொடக்கத்துக்கு இந்த வட்டமே போதும். தோற்ற பிராணி சாகக்கூடாது, மயங்கவேண்டும். தஜிரி வேண்டுமென்றே அப்படித்தான் வைத்தார். அந்த முடிவை மாற்ற ஒரு காரணமும் இல்லை.

காங்கேசன்துறையில் கதை நடத்துபவர் இன்னுமொன்றையும் முன்கூட்டியே பேசியாக வேண்டும். 1990 இல் போரால், இந்த ஊர் அடங்கிய வலிகாமம் வடக்கின் மக்கள் இடம்பெயர, அவர்களுடைய வீடும் காணியும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. போர் முடிந்தபின் நிலம் பகுதி பகுதியாகத்தான் விடப்பட்டது; இன்னும் திரும்பாத குடும்பங்கள் உண்டு. கூரையில்லாத வீடுகளைப் பார்த்ததும் 'பூதங்களின் குகை' என்று எழுதிவிடக் கை துடிக்கும். எழுதக்கூடாது. அந்த மேசையில் இருக்கும் ஒரு பிள்ளையின் அம்மம்மா பிறந்த வீடாக அது இருக்கலாம். 1990 இல் நின்றுபோன சீமெந்து ஆலையையும் அதன் கல்லகழ்ந்த பள்ளங்களையும் கதைக்குள் கொண்டுவருவதா என்பதைக்கூட விளையாடுபவர்களிடம் கேட்டுத்தான் தீர்மானிக்கவேண்டும். ஆட்டம் தொடங்குமுன் எது வேண்டும், எது வேண்டாம் என்று கூடிப் பேசும் வழக்கம் உலகெங்கும் இருக்கிறது. ஜோன் ஸ்டாவ்ரோபூலோஸ் உருவாக்கிய 'எக்ஸ் அட்டை' இன்னும் எளியது: மேசை நடுவே பெருக்கல் குறியிட்ட ஓர் அட்டை; யாராவது அதைத் தொட்டால், ஏன் என்று கேளாமல் அந்தக் காட்சியை விட்டு நகர்ந்துவிடவேண்டும்.

தஜிரியிடம் எடுத்துக்கொள்ள வேண்டிய இன்னொரு யுக்தி பரிமாற்றம். அவருடைய விளையாட்டு சிவப்பு, பச்சை என இரண்டு பதிப்பாக வந்தது. சில பிராணிகள் ஒன்றில்தான் கிடைக்கும். எல்லாவற்றையும் சேர்க்க விளையாட்டுக் கருவிகளைக் கம்பியால் இணைத்து நண்பனோடு மாற்றிக்கொள்ள வேண்டும். காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே 2023 ஒக்டோபர் 14 அன்று பயணிகள் கப்பல் தொடங்கியது. இக்கரையில் ஒரு மேசை, அக்கரையில் ஒரு மேசை. கேணிக்கீரி இங்கே மட்டும், காவிரி வண்டல் நண்டு அங்கே மட்டும். கதைக்குள் மாதம் ஒருமுறை கப்பல் வரும். அது வரும்போது எந்தப் பிராணியைக் கூண்டில்லாமல் அனுப்பலாம், எது கடலுக்குப் பயந்து சாப்பிடாமல் கிடக்கும் என்பதை இரு மேசைகளும் கடிதம் எழுதிப் பேசித் தீர்க்கட்டும்.

(தொடரும்)